எண்பத்தைந்தாயிரம் ரூபாய் காரில் நேபாளம் போகலாமா?

"ஃபாரின் டிரிப்" என்று யாராவது சொன்னால் எங்கள் வகுப்பில் எல்லோரும் சிரிப்போம். பி.காம் மூன்றாம் வருடம். மாலையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டாலி என்ட்ரி போட்டு, அதில் வரும் காசில் பைக்குக்குப் பெட்ரோல் போடுகிற கூட்டம் நாங்கள். போன மாதம் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாலு பேரில் ஒருத்தன் கேட்டான்: "டேய், பழைய கார் ஒண்ணு வாங்கி நேபாளம் போயிட்டு வந்தா என்ன?"

அன்றைக்குச் சிரித்தோம். மறுநாள் கணக்குப் போட்டோம். அடுத்த வாரம் பாபநாசம் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் நின்ற 2012 மாடல் மாருதி 800-ஐப் பார்க்கப் போய்விட்டோம். கேட்ட விலை எண்பத்தைந்தாயிரம்.

அதிலிருந்து ஊரில் ஆளுக்கு ஒரு அபிப்பிராயம். "பழைய காரை நம்பி ஊட்டிக்கே போகக்கூடாது, நேபாளமா?" என்பது ஒரு கட்சி. "வாழ்க்கைல ஒரு தடவைதான், யோசிக்காம கிளம்பு" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. நீண்ட தூரப் பயணத்துக்கு மலிவான பழைய கார் வாங்குவது பைத்தியக்காரத்தனம் இல்லை. கணக்குத் தெரிந்தவன் செய்கிற காரியம்தான். ஆனால் அந்தக் காரில் நிஜமாகவே ஆபத்தான பாகம் எஞ்சினோ பிரேக்கோ இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற பெயர். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அது எங்கள் வீட்டுக் கதை.

முதலில், ஏன் நேபாளம்?

டெல்டாக்காரனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற வெளிநாடு இலங்கை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் ஆரம்பித்தது, நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. சில மணி நேரப் பயணம்தான். ஆனால் அது ஆட்கள் போகிற கப்பல். காரை ஏற்ற முடியாது. ஆக, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு நாடு இருந்தும், சொந்தக் காரில் போகிற வெளிநாடு வேண்டுமென்றால் நாம் இந்தியாவின் மறுகோடிக்குப் போக வேண்டியிருக்கிறது.

மறுகோடியில் சுலபமான நாடுகள் இரண்டு. பூடானுக்கு இந்தியர்கள் ஆளுக்கு ஒரு இரவுக்கு 1200 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும். 2022-ல் வந்த விதி. நாலு பேர், ஐந்து இரவு என்றால் இதுவே 24,000. வண்டிக்குத் தனி. நேபாளத்தில் அப்படித் தலைக் கட்டணம் கிடையாது. விசா கிடையாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். நம்மூர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுகிறார்கள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 1.60 என்று 1993 முதல் நிலையாக வைத்திருக்கிறார்கள். அதனால் போகிற அன்றைக்கு எக்ஸ்சேஞ்ச் ரேட் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

வழியும் அப்படியொன்றும் புதிதில்லை. நாக்பூர், ஜபல்பூர் வழியாகக் காசி, அங்கிருந்து கோரக்பூர், எல்லையில் சொனௌலி. தாத்தா பாட்டி காலத்துக் காசி யாத்திரையில் இன்னும் ஒரு நாள் கூட்டினால் எல்லை வந்துவிடும். அதற்கப்புறம் பூட்வல், நாராயண்காட், முக்லிங், காத்மாண்டு. ஒரு வழிக்கு 2700 கிலோமீட்டருக்குக் குறையாது. போக வர, உள்ளே சுற்ற எல்லாம் சேர்த்து 6000 என்று வைத்துக்கொள்வோம்.

இனிமேல்தான் காமர்ஸ் பாடம்.

கார் என்பது நமக்கு வாகனம். எல்லையில் நிற்கிற சுங்க அதிகாரிக்கு அது சரக்கு. நாலு சக்கரத்தில் தானாக உருண்டு வரும் சரக்கு. நேபாளத்தில் காருக்கு வரி பயங்கரம். பெட்ரோல் கார் இறக்குமதி செய்தால் கார் விலையைவிட வரி அதிகமாகிவிடும். அப்படி இருக்கும்போது நம்மூரில் எண்பத்தைந்தாயிரத்துக்குக் கிடைக்கிற கார் எல்லையைத் தாண்டினதும் பெரிய சொத்து ஆகிவிடுகிறது. நாம் அதை அங்கே விற்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்பிவிடக் கூடாதே என்றுதான் "பன்சார்" என்கிற அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். பன்சார் என்றால் நேபாளி மொழியில் சுங்கம். இத்தனை நாளைக்கு என்று எல்லையிலேயே பணம் கட்ட வேண்டும், சொன்ன நாளுக்குள் வண்டியோடு திரும்ப வேண்டும். ஒரு வருடத்தில் அதிகபட்சம் 30 நாள்.

நேபாளத்துக்கு இது போதும். ஈரான் மாதிரி தூர நாடுகளுக்குப் போகிறவர்கள் "கார்னே" என்று ஒரு புத்தகம் வாங்க வேண்டும். கார் திரும்பி வரும் என்பதற்கான உத்தரவாதம் அது. அதற்குக் கட்டும் பிணையைக் காரின் மதிப்பைப் பார்த்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். இருபது லட்சம் ரூபாய் காருக்குப் பிணையும் லட்சக்கணக்கில். எண்பத்தைந்தாயிரம் ரூபாய் காருக்கு? நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் மலிவான கார் என்பது கஞ்சத்தனம் மட்டும் இல்லை, ரிஸ்க்கைச் சின்னதாக்குகிற வழியும்கூட.

இதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அறுபது எழுபதுகளில் ஹிப்பிகள் ஐரோப்பாவில் பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்களை வாங்கிக்கொண்டு துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே வந்தார்கள். அவர்களில் பலருக்கும் கடைசி ஸ்டாப் எது தெரியுமா? நாம் போகிற அதே காத்மாண்டு. 1979-ல் ஈரானில் புரட்சி, அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. அதோடு அந்தப் பாதை முடிந்தது. அப்புறம் 2004-ல் இங்கிலாந்தில் மங்கோல் ராலி என்று ஆரம்பித்தார்கள். லண்டனிலிருந்து மங்கோலியா வரை ஓட்ட வேண்டும், கார் ஒரு லிட்டர் எஞ்சினுக்கு மேல் இருக்கக்கூடாது. சின்னக் கார், பழைய கார் என்பதுதான் அங்கே விதியே.

நம்ம பக்கமும் ஆள் இருக்கிறார்கள். 2017-ல் கோயம்புத்தூரிலிருந்து பெண்கள் குழு ஒன்று டாடா ஹெக்ஸாவில் லண்டன் வரைக்கும் போனது. மியான்மர், சீனா வழியாக. படிக்கும்போதே புல்லரிக்கும். ஆனால் பி.காம் மாணவனுக்குப் புது ஹெக்ஸா கிடைக்காது :-) கிடைக்கிறதில் போக வேண்டியதுதான்.

ஏன் மாருதி 800?

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. 796 சிசி, மூணு சிலிண்டர். இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. "அதான் நின்னு போச்சே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். 25 லட்சம் வண்டி ஓடின நாட்டில் ஒவ்வொரு ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் படித்தவர்தான். நாக்பூரில் கிளட்ச் கேபிள் அறுந்தாலும் சரி, ரீவாவில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தாலும் சரி, அரை நாளில் வேலை முடிந்துவிடும். அதே இடத்தில் பத்து வருடப் பழைய சொகுசுக் கார் நின்றால், சென்சார் டெல்லியிலிருந்து வர நாலு நாள். இன்னொரு நல்ல விஷயம், காத்மாண்டுவில் பல வருடம் டாக்சியாக ஓடியதே மாருதி 800-தான். எல்லை தாண்டினாலும் அங்கேயும் நமக்கு வைத்தியர் இருக்கிறார்.

காத்மாண்டு மலை மேல் இருக்கே, ஏறுமா? கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1400 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2100 மீட்டர். வாத்தியார் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் வந்த வண்டிதான் இது. மெதுவாக ஏறும், ஆனால் ஏறும்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். டெல்டாவில் பழைய கார் வாங்கும்போது எஞ்சினுக்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். 2015-ல் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மறுபடி வெள்ளம். முழுகின கார்கள் எல்லாம் எங்கேயாவது விற்றுத்தானே ஆக வேண்டும்? "தம்பி, சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாரு. மடிப்புக்குள்ள சேத்துக் கோடு இருந்தா வண்டி குளிச்சிருக்குன்னு அர்த்தம். தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாரு. சீட்டுக்கு அடியில போல்ட்டு துருப்பிடிச்சிருந்தா திரும்பிப் பாக்காம வந்துடு" என்றார். நாகை, வேதாரண்யம் பக்கம் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்றில் அடித்தகடு அரித்திருக்கும், அதையும் பார்க்கச் சொன்னார். இப்போது எல்லா பங்கிலும் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான். அந்தக் கால வண்டிகள் அதற்காகச் செய்தவை அல்ல. அதனால் பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பதும் அவர் கட்டளை. நாங்கள் பார்த்த வண்டியில் சேற்றுக்கோடு இல்லை. டயர் நாலும் மொட்டை, பேட்டரி மாற்ற வேண்டும், டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும்.

சரி, கணக்கு. இது எங்கள் நோட்டில் இருப்பது, எங்கள் மதிப்பீடுதான்.

கார்: 85,000
பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ்: 7,000
டயர், பேட்டரி, பெல்ட், ஹோஸ், கூலி: 28,000
பெட்ரோல் (லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம் 400 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்): 40,000
டோல் (தேசிய நெடுஞ்சாலைக்கு 2025 ஆகஸ்டில் வந்த வருட பாஸ்): 3,000
பன்சார், நேபாளச் சில்லறைச் செலவு: 10,000
சாப்பாடு, தங்கல் (நாலு பேர், 18 நாள், தலைக்கு 500): 36,000
அவசரத்துக்கு: 20,000

மொத்தம் 2,29,000. ஆளுக்கு 57,250. திரும்பி வந்து காரை 60,000-க்கு விற்றால், அவசரப் பணமும் செலவாகாமல் இருந்தால், ஆளுக்குக் கடைசியில் 37,250.

இதில் பாருங்கள், கார் விலை மொத்தத்தில் 37 சதவீதம்தான். பழைய கார் வாங்குகிறவன் செய்கிற முதல் தப்பு, கையில் இருக்கிற காசு முழுவதையும் காருக்கே கொடுத்துவிடுவது. கையில் ஒரு லட்சம் இருந்தால் நாற்பதாயிரத்துக்குத்தான் கார் பார்க்க வேண்டும். மீதி ரோட்டுக்கு.

இன்னொன்று, விற்கிற விலையைப் பற்றிப் பெரிதாகக் கனவு காணக்கூடாது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரி வரை தனியார் கார்களுக்குத் தடைதான். அந்த வருடங்களில் அங்கே பழைய கார் தங்கம் மாதிரி விலை ஏறியது. வாங்கின விலையைவிட அதிகத்துக்கு விற்றவர்கள் உண்டு. நம்மூரில் அந்தக் கதை நடக்காது. 2012 வண்டிக்கு 2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது. மறுபதிவு செய்ய வேண்டும், தகுதிச் சோதனை, 2022 ஏப்ரலில் ஏற்றின கட்டணம், பசுமை வரி. வாங்குகிறவன் இதையெல்லாம் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வான். அதனால்தான் 60,000 என்று போட்டேன். 45,000-க்குப் போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இப்போது எதிர்க்கட்சிக்குப் பதில்.

"ரயில்ல போனா இதுல பாதி செலவு." உண்மைதான். மறுக்கவே மாட்டேன். காசி வரை ரயில், அப்புறம் பஸ் என்றால் ஆளுக்குப் பத்துப் பதினைந்தாயிரத்தில் முடித்துவிடலாம். கார் வாங்கினால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரில் போவது வழியில் நிற்பதற்காக. மகாராஷ்டிரா பருத்திக் காட்டிலும் மத்தியப் பிரதேசக் கோதுமை வயலிலும் நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று கேட்க வேண்டும் என்பது என் ஆசை. மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று பார்த்தே வளர்ந்த பையனுக்கு அடுத்தவன் வயலைப் பார்க்காமல் போக முடியாது. அது செலவுதான், லாபம் இல்லை. செலவு என்று தெரிந்தே செய்கிறோம்.

"அந்த டப்பா கார்ல பாதுகாப்பே இல்லையே." இதுதான் நியாயமான கேள்வி. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. 2014-ல் குளோபல் என்கேப் சோதித்தபோது இதற்குப் பின்னால் வந்த ஆல்ட்டோ 800-க்கே, ஏர்பேக் இல்லாத மாடலில், பூஜ்ஜியம் நட்சத்திரம். அப்படியென்றால் 800 எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. பகலில் மட்டும் ஓட்டுவது, எழுபதைத் தாண்டாமல் ஓட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது, பின் சீட்டிலும் பெல்ட் போடுவது. இதில் ஒன்றை எவன் மீறினாலும் அங்கேயே வண்டியைத் திருப்புவது. இவ்வளவுதான் முடியும். இதற்கு மனசு ஒப்பாதவர்கள் ரயிலில் போவதே சரி. அவர்களைக் கோழை என்று சொல்ல மாட்டேன்.

"மலை ரோடு சரியும்." ஆமாம். 2024 ஜூலை 12-ம் தேதி விடியற்காலை, நாராயண்காட் - முக்லிங் ரோட்டில் சிமல்தால் என்கிற இடத்தில் நிலச்சரிவில் இரண்டு பஸ்கள் திரிசூலி ஆற்றுக்குள் போய்விட்டன. பெருத்த உயிர்ச்சேதம். அதில் இந்தியர்களும் இருந்தார்கள். நாங்கள் போகிற அதே ரோடு அது. அதனால் மழைக்காலத்தில் போவதாக இல்லை. சம்பா அறுவடை முடிந்து, தை கடைசி, மாசியில் கிளம்பலாம். அப்போது அங்கே மழை இல்லை. எங்கள் வீட்டிலும் வேலை இருக்காது, நெல்லும் காசாகி இருக்கும். 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் நம்ம வயசுப் பிள்ளைகள் தெருவுக்கு வந்து அரசாங்கமே மாறியது. அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் செய்தி பார்ப்பதும் பட்டியலில் உண்டு.

இதெல்லாம் எல்லோரும் பேசுகிற ஆபத்து. யாருமே பேசாத ஆபத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பாவிடம் ஒரு வெள்ளை ஆம்னி வேன் இருந்தது. விதைநெல், உரமூட்டை, ஆட்கள், கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் அதுதான். 2009-ல் அதை வேறு மாவட்டத்து ஆள் ஒருவருக்கு விற்றார். அப்போதெல்லாம் வழக்கம் எப்படி என்றால், படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தேதி, பெயர் எல்லாம் காலி. "நான் மாத்திக்கிறேங்க" என்று வாங்கினவர் சொன்னார். அப்பாவும் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் மாற்றவே இல்லை. அவர் வேறு ஒருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு.

2013-ல் அந்த வேன் ஒரு இரு சக்கர வண்டியில் மோதியது. இன்ஷூரன்ஸ் எப்போதோ காலாவதி. ஓட்டினவன் கையில் காசு இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர்? எங்கள் அப்பா பெயர். நான் அப்போது மூணாவதோ நாலாவதோ படித்தேன். தபால்காரர் வந்து கையெழுத்துக் கேட்டதும், அப்பா அந்தக் கவரைப் பிரித்துத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டதும் ஞாபகம் இருக்கிறது. நாலு வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்தார். கடைசியில் நஷ்ட ஈட்டைக் கட்ட வாய்க்கால் ஓரத்து மூணு மா நிலம் போனது. டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், மூணு மா என்றால் ஒரு ஏக்கர். எங்களுக்கு இருந்ததே ஒன்பது மா.

"விற்ற வண்டிக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று அப்பா கேட்காத ஆள் இல்லை. சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், கை மாறிக் கை மாறிப் போன ஒரு வண்டி விஷயத்தில் தெளிவாகவே சொல்லிவிட்டது: மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அடிபட்டவன் வண்டியை யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது காரணம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அப்பாவே ஒருநாள் சொன்னார்: "அந்தாளு கோர்ட்டுக்குக் கட்டையை ஊணிக்கிட்டு வந்தான்டா. அவனுக்கு யாராச்சும் குடுத்துத்தானே ஆவணும்." நிலத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. வாய்க்கால் பக்கம் போவதைத்தான் நிறுத்திவிட்டார்.

இப்போது பாபநாசம் வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன், நீங்க டூர் முடிச்சு வந்து மாத்திக்குங்க. எப்படியும் விக்கத்தானே போறீங்க, எதுக்கு ரெண்டு தடவை செலவு?" நண்பர்களுக்கு ஏக சந்தோஷம். ஏழாயிரத்தில் பாதி மிச்சம்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. "சார், எங்களுக்காக இல்லை, உங்களுக்காகத்தான் மாத்தணும். நாங்க ரீவாவுல யாரையாவது இடிச்சா நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் சார் வரும்" என்றேன். மனுஷன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இத்தனை வருஷம் பாடம் எடுத்தவன், எனக்கே இது தெரியலையேப்பா" என்றார்.

விற்பவர் உள்ளூர் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குகிறவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். எல்லையிலும் இது உதவும். ஆர்.சி.யில் பெயர் இருக்கிற ஆள் வண்டியிலேயே இருந்தால் பன்சாரில் கேள்வி குறைவு. நம்மூர் பாலிசி நேபாளத்தில் தானாகச் செல்லாது என்பதும் பலருக்குத் தெரியாது. கூடுதல் பிரீமியம் கட்டி, நேபாளத்துக்கும் சேர்த்து எழுதி வாங்க வேண்டும்.

அப்புறம் வந்தது பெரிய கேள்வி. நாலு பேர் காசு, ஆனால் யார் பெயரில் வாங்குவது? கூட்டாண்மைச் சட்டத்தில் படித்தோமே, பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு இல்லை என்று. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. இங்கே நிஜமாக வந்து நிற்கிறது. முத்திரைத்தாளில் நாலு பேரும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் நோட்டீஸ் வரும்போது ஆர்.சி.யில் இருக்கிற ஒருவன் வீட்டுக்குத்தான் வரும். ஊர் சுற்றிவிட்டு வந்து வாட்ஸப்பில் போட்டோ போடும்போது நாலு பேர், கோர்ட்டில் ஒருத்தன். ஒருத்தன் "எங்க அம்மா ஒத்துக்காது" என்றான். இன்னொருத்தன் "எனக்கு லைசென்ஸே போன மாசம்தான்" என்றான். மூணாமவன் டீயைக் குடித்தான் :-)

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு வந்து கேட்டார்: "உன் பேர்லயா?"

"ஆமாங்கப்பா. இன்ஷூரன்ஸ் சரியா எடுத்துடுவோம்."

"வித்துட்டு வர்றப்ப ஆபீஸ்ல நீயே நின்னு மாத்திட்டு, புது ஆர்.சி. காப்பியைக் கையில வாங்கிட்டு வரணும். அதை நான் பாக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா போயிட்டு வா."

ஒத்துக்கொண்டேன். வாத்தியாருக்கு ஐந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் சாவி என்று நாங்களே சொல்லிவிட்டோம். நாலு பேரில் ஒருத்தன் "இவ்வளவு டாக்குமெண்ட் இருந்தா அது என்னடா அட்வென்ச்சர்" என்று கேட்கிறான். மலையும் ரோடும் போதும் அட்வென்ச்சருக்கு. பேப்பரிலும் அட்வென்ச்சர் செய்தால் அதற்கு விலை கொடுப்பது நாம் மட்டும் இல்லை.

ஆகவே தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம். கார் மலிவாக இருக்கட்டும், கையெழுத்து மலிவாக இருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எப்போதோ விற்ற பைக், வேன், டிராக்டர் ஏதாவது இருந்தால், அது இன்னும் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் வீட்டிலும் இப்படிக் கதை இருந்தால் சொல்லுங்கள். அந்த டீ குடித்த நண்பனுக்குப் படித்துக் காட்டவேண்டும்.

பி.கு.: மெக்கானிக் அண்ணனிடம் "நீங்களும் வாங்கண்ணே, சீட்டு ஒண்ணு போட்டுடலாம்" என்றோம். "நான் வந்தா அப்புறம் வண்டி ரிப்பேரே ஆவாது, உங்களுக்கு என்ன அனுபவம் கிடைக்கும்?" என்று சிரிக்கிறார்.